உப்புத்தாள் போட்ட மோட்டார்

பெரியபட்டினத்தில் பாய் வீட்டுக்குப் போகிறவர்கள், புதுச் செருப்புப் பெட்டியில் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைக் கொண்டுபோனால் டீ நிச்சயம். பழைய ரிமோட் கார்களின் கார்பன் பிரஷ் மோட்டார்களை உப்புக்காற்று தின்றுவிடாமல், அந்தப் பொட்டலங்களோடு டிபன் பாக்ஸில் அடைத்து வைத்திருந்தார். சவுதியிலிருந்து திரும்பிய ஒல்லி மனிதர். எந்த மோட்டாரையும் முதலில் மோந்துதான் பார்ப்பார்.

தொண்டியில் பழைய இரும்புக்கடையில் கிடைத்த ஒன்றைப் படமெடுத்து அவருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது.

"சவுதியில நான் ஓட்டுன மொத ரிமோட் காரு மோட்டாரு தம்பி. எழுத்து அழியாம ஒண்ணு கிடைக்காதான்னு இருபது வருசமாத் தேடுறேன். அப்படியே கொண்டாங்க."

அப்படியேவா? படகு இன்ஜினில் துருவைக் கண்டாலே சுரண்டுகிற வம்சம் நான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, டீசலில் குளிப்பாட்டி, மாப்பிள்ளை மாதிரி கொண்டுபோனேன்.

மோந்தார். அச்சைத் திருகிப் பார்த்தார். வருஷமும் கம்பிச் சுற்றின் எண்ணிக்கையும் அச்சிட்டிருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். அங்கே என் உழைப்பு மட்டும் பளபளத்தது.

"ஓடுமா பாய்?"

"ஓடும். ஓடுறதுக்குப் புதுசே கடையில கிடைக்கும் தம்பி."

"துரு இருந்துச்சு, அதான் லேசா..."

"நல்லா இருக்கு. இதுல முகம் பாத்துத் தலை சீவிக்கலாம்."

டீ வந்தது. மோட்டாரை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். முதலில் அனுப்பிய படத்தை மட்டும் மறுபடி அனுப்பச் சொன்னார். டிபன் பாக்ஸில் அதற்கென்று விட்டிருந்த இடம் காலியாக இருக்க, அப்படியே மூடினார்.

வாசல்வரை வந்து, "பாத்துப் போங்க" என்றார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால், தொண்டிவரை பஸ்ஸில் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.