பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்

ஆற்றங்கரை ஊரான மொலமைனின் கடைத்தெருவில் என் கடைக்கு அடுத்தது யீ மோன் அக்காவின் கைலிக் கடை. அவளுடைய கணவர் சோ லாட் படகு எஞ்சின் மெக்கானிக். கைராசிக்காரர்தான், ஆனால் மூக்கு நுனியில் கோபம். ஒருமுறை வேலையாளை நோக்கி ஸ்பேனரை வீசினார்; அது குறி தவறி ஆற்றில் விழுந்தது. அன்று ராத்திரி அக்கா சாப்பிடவில்லை. மறுநாளே குன்றின் மேலிருக்கும் கியைக்தான்லான் புத்தர் கோவிலுக்குக் கீழே இருக்கும் மடத்தில் தியானம் கற்றுக்கொள்ளப் போனாள்.

அவளுக்கும் அது லேசில் வரவில்லை. விடியுமுன் புத்தர் படத்தின் முன் உட்காருவாள். முழங்கால் கடுக்கும், கொசு கடிக்கும். மூச்சைக் கவனி என்றால் மனசு கடைக்கு ஓடி, எந்தக் கைலிக்கு எந்த விலை என்று பேரம் பேசிக்கொண்டிருக்கும். "கண்ண மூடினா கடைதான் தெரியுது. முந்தாநாள் ஒருத்தி விலையக் குறைச்சுக் கேட்டாளே, அவகூட இன்னும் சண்டை போட்டுகிட்டிருக்கேன்" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் ஒரு நாளும் விடவில்லை. காய்ச்சலில் கிடந்த நாட்களில்கூடச் சுவரில் சாய்ந்துகொண்டு உட்கார்ந்தாள்.

சோ லாட் விடாமல் கிண்டல் செய்தார்.

"என்ன, நிப்பான மோட்சத்துக்கு டிக்கெட் எடுத்தாச்சா? எனக்கும் ஜன்னலோரமா ஒரு சீட் போட்டு வை."

"டிக்கெட்டெல்லாம் வேணாம். அஞ்சு நிமிஷம் பேசாம உக்காருங்க. நீங்க வாய மூடி நான் பார்த்ததே இல்ல."

அந்தச் சவாலுக்காகத்தான் உட்கார்ந்தார். முதல் நாள் குறட்டை விட்டார். அக்கா விடவில்லை. தினமும் எழுப்பினாள், டீ போட்டுக் கொடுத்து எதிரே பாயை விரித்தாள். மாதங்கள் போகப் போக அவளுக்கு முன்பே அவர் எழுந்துவிடுகிறார் என்று கேள்விப்பட்டோம். பட்டறையில் சத்தம் அடங்கியது. வேலையாளைத் "தம்பி" என்று கூப்பிட ஆரம்பித்தார். அந்த வருஷங்களில் அக்கா கல்யாணப் பெண் மாதிரி இருந்தாள். "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்திருக்கோம். பேசுறதே இல்ல. ஆனா இவ்வளவு நெருக்கமா நாங்க இருந்ததே இல்ல" என்றாள்.

அப்படி ஒரு வருஷம், புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஊரில் பாதி ஆம்பளைகளைப் போல அவரும் விடுமுறை நாட்களுக்கு மட்டும் என்று துறவு பூண்டார். தலையை மழித்தபோது முடி கீழே விழாமல் வெள்ளைத் துணியில் ஏந்திக்கொண்டவள் அக்காதான். ஊ நந்தியா என்று பெயர் வைத்தார்கள். திருவிழா முடிந்தது. மற்றவர்கள் மொட்டைத் தலையோடு வீடு திரும்பினார்கள். அவர் வரவில்லை. இனி காவிதான் என்று ஆள் வழியாகச் சொல்லி அனுப்பினார்.

தெருவே திரண்டு வந்து வாழ்த்தியது. "கொடுத்து வச்சவ நீ! எவ்வளவு புண்ணியம்!" அக்கா எல்லோருக்கும் வழக்கப்படி தேயிலை ஊறுகாய் வைத்து உபசரித்தாள். குடிகாரனாகப் போயிருந்தால் வாய்விட்டு அழலாம். புத்தரிடம் போனவரைப் பற்றி யாரிடம் போய் முறையிடுவது? காலையில் பிட்சை வரிசையில் அவரும் வருவார், பார்வையைத் தாழ்த்தியபடி. அவள் சோற்றைப் போட்டுவிட்டு, கட்டினவர் முன்னால் மண்டியிட்டுக் கும்பிட வேண்டும்.

பட்டறைச் சாவியை வாங்கி வர அக்கா கொழுந்தன் வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. சோ லாட்டின் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான்: "பட்டறைய அண்ணன் போன மழைக்காலத்துலயே எனக்கு எழுதிக் குடுத்துட்டாரு அண்ணி. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

அன்று அவள் கடை திறக்கவில்லை. என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"மழைக்காலம் முழுக்க என் பக்கத்துல கண்ண மூடி உக்காந்திருந்தாரு. அமைதியா இருக்காருன்னு பூரிச்சுப் போனேன். எப்படிப் போகலாம்னு யோசிச்சுகிட்டு இருந்திருக்காரு. நான் டீ போட்டுக் குடுத்து எழுப்பிவிட்டிருக்கேன்."

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு மடத்துக்குப் போனாள். தலைமைப் பிக்கு வயதானவர். "நீங்க முழு மனசோட சம்மதிச்சதா நந்தியா சொன்னார். அப்படிச் சம்மதிக்கிறவங்க குறைவும்மா" என்று கனிவாகப் பேசினார்.

"நான் சம்மதிக்கல சாமி. என்கிட்ட யாரும் கேக்கவே இல்ல."

பெரியவர் முகம் மாறியது. ஆள் அனுப்பி அவரை வரவழைத்தார். அவர் வந்து ஓரமாக உட்கார்ந்து, மடத்துக்கு வரும் பெண்களைக் கூப்பிடுவதுபோல "உபாசகி..." என்று ஆரம்பித்தார்.

"என் பேரு யீ மோன்."

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "சொன்னா நீ விடமாட்டேன்னு பயந்துட்டேன்."

"அழுதிருப்பேன். சண்டை போட்டிருப்பேன். அப்புறம் விட்டிருப்பேன். அத என்கிட்டேர்ந்து ஏன் பிடுங்கினீங்க?"

பெரியவர் அக்கா பக்கம் திரும்பினார். "கட்டினவ சம்மதம் இல்லாம இந்த மடத்துல யாரையும் ஏத்துக்கறதில்ல. காவியக் கழட்டி அனுப்பிடறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் ஒருமுறை அவரைப் பார்த்தாள்.

"வேணாம் சாமி. வீட்டுல இருக்கும்போதே போயிட்டவரு. திரும்பி வந்து மட்டும் என்ன செய்யப் போறாரு? ஆனா நான் சம்மதிச்சேன்னு யாரும் சொல்லக் கூடாது. அது பொய்."

பெரியவர் அவரைத் தன் மடத்தில் வைத்துக்கொள்ளவில்லை. அடுத்த மழைக்காலத்துக்குள் நந்தியா காவியோடேயே வடக்கே சகாய்ங் மலை மடம் ஒன்றுக்குப் போய்விட்டார். தெருவில் பேச்சு திரும்பியது. ஒரு பிக்குவின் பேரைக் கெடுத்தவள் என்றார்கள். வாழ்த்த வந்த அதே வாய்கள்தான்.

அக்கா தியானத்தை விட்டுவிட்டாள். கண்ணை மூடினாலே பக்கத்தில் அவர் மூச்சு கேட்கிறது என்றாள். மறுபடி உட்கார ஆரம்பித்தது குளிர்காலத்தில். வீட்டில் இல்லை, கடைக்குள், ஷட்டரைத் தூக்குமுன், துணிக்கட்டுகளுக்கு நடுவே. எனக்கே கோபம் வந்தது.

"எதுக்கு அக்கா இன்னும் இது? பட்டது போதாதா?"

"இது நான் ஆரம்பிச்சதுடி. இதையும் அவரே எடுத்துட்டுப் போகணுமா?"

"மனசு ஆறுச்சா?"

"எங்க! உக்காந்த உடனே ஆத்திரம்தான் வருது. வரட்டும்னு விட்டுட்டேன். சில நாள் கோவில் மணியடிக்கிற வரைக்கும் அது மட்டும்தான்."

போன மாதம் சகாய்ங் யாத்திரை போய்வந்த ஒருத்தி கைலி வாங்கக் கடைக்கு வந்து, "ஊ நந்தியா சாமி நல்லா இருக்காரு. உன்ன விசாரிச்சாரு" என்றாள்.

அக்கா கைலியை மடித்து அவள் பையில் வைத்தாள். "சாயம் போகாது. தனியா மட்டும் ஊறப் போடு" என்றாள்.