சோலைமலை படித்த ஹிந்தி

இலங்கை மலைநாட்டில், நானுஓயா ஸ்டேஷனில் ஆட்டோ ஓட்டுகிறவர்களிலேயே ஹிந்தி படித்த ஒரே மேதை சோலைமலைதான். வேறு யாரும் சொல்லவில்லை, அவரே சொல்லிக்கொண்டது. வட்டகொடைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருப்பு. வேலை முடிந்து வந்ததும் போனைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, சென்னையிலிருந்து ஒரு அம்மா தமிழில் விளக்கி நடத்தும் ஹிந்தி வகுப்பின் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்ட மனுசன். அப்போது வராத படிப்பு நாற்பது தாண்டினபிறகு பொத்துக்கொண்டு வந்தது.

வராமல் என்ன செய்யும்? சீதையம்மன் கோயிலைப் பார்க்க வடநாட்டுக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். ஆட்டோவுக்கு லீசிங் தவணை கட்டாமல் இரண்டு மாதம். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் வண்டியைத் தூக்கிவிடுவோம் என்று கம்பனிக்காரன் முடிவாகச் சொல்லிவிட்டான். வண்டி போனால் சோலைமலை பழையபடி மருந்தடிக்கிற டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு மலை ஏறவேண்டியதுதான். அந்த நினைப்பே அவருக்கு இடுப்பு வலியைக் கொண்டுவந்தது.

ஒருநாள் வகுப்பில் அந்த அம்மா ‘சூனா லகானா’ என்று ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். சுண்ணாம்பு தடவுவது. ஒருத்தரை ஏய்த்துக் காசைப் பறிப்பதை ஹிந்திக்காரர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். நாம் நாமம் போடுகிறோம், அவர்கள் சுண்ணாம்பு தடவுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். சோலைமலைக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது.

“இத மட்டும் சரியான எடத்துல எடுத்துவிட்டா, வடநாட்டுக்காரங்க நம்ம வண்டிய விட்டு எறங்கவே மாட்டாங்க புள்ள” என்றார் பெண்டாட்டியிடம்.

“அது இருக்கட்டும். மொதல்ல எங்க தூளுக்குக் காசக் குடுங்க” என்றாள் வீரம்மா.

தூள் கதையையும் சொல்லவேண்டும். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மாதாமாதம் தேயிலைத் தூள் பொட்டலம், அங்கே பக்கெட் என்பார்கள், கிடைக்கும். நல்ல தூளெல்லாம் கப்பல் ஏறிவிடும். பறித்தவளுக்குக் கடைசியில் தங்கின பொடி. கைச்செலவுக்காக லயத்துப் பெண்கள் அதை விற்பார்கள். சோலைமலை ஒரு பக்கெட்டை இருநூறுக்கு வாங்கி, தங்கக் கலர் பையில் மாற்றி, ‘ஸ்பெஷல்’ என்று ஒரு துண்டு ஒட்டி, வெளிநாட்டு ஆட்களுக்கு இரண்டாயிரத்துக்குக் கொடுப்பார். அவர் அகராதியில் இதற்குப் பேர் யாவாரம். பெண்டாட்டியின் பக்கெட் என்றால் அந்த இருநூறும் கிடையாது, ‘அப்புறம் பாப்போம்’தான்.

அந்த வாரம் இந்தூரிலிருந்து திவாரி என்று ஒரு வயதானவரும் அவர் சம்சாரமும் வந்து ஆட்டோவில் ஏறினார்கள். சோலைமலை இரண்டு கையையும் கூப்பி, பொத்திவைத்திருந்ததை எடுத்துவிட்டார்.

“சப் சூனா லகாதா ஹை ஜீ. ஹம் நஹீ லகாதா.” எல்லாரும் சுண்ணாம்பு தடவுவான், நான் தடவமாட்டேன்.

திவாரியம்மா கையைத் தட்டிச் சிரித்தாள். இவ்வளவு தூரம் வந்த இடத்தில் நம்ம வீட்டுப் பேச்சா! அந்த நிமிசத்திலிருந்து ‘பய்யா, பய்யா’ என்று அவரைத் தம்பி முறை கொண்டாட ஆரம்பித்துவிட்டாள். தம்பியும் சும்மா இருக்கவில்லை. கோயிலுக்குப் போய்த் திரும்புகிற வழியிலேயே இரண்டு தங்கப் பையை அக்கா தலையில் கட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் திவாரியம்மா தங்குமிடத்து வாசலிலேயே காத்துக்கொண்டு நின்றாள். சோலைமலை வந்த வழியே வண்டியைத் திருப்பப் பார்த்தார். போச்சுடா, கண்டுபிடிச்சிட்டாங்க! ஆனால் அவள் வாயிலிருந்து வந்ததெல்லாம் புகழ்ச்சி. டவுனில் பெரிய கடையில் வாங்கின தேயிலையைப் பாலில் போட்டால் நிறமும் இல்லை, குணமும் இல்லையாம். சுண்ணாம்பு தடவினவன் அந்தக் கடைக்காரன்தானாம். பய்யா கொடுத்த தூளை இஞ்சி தட்டிப் போட்டுப் பாலோடு கொதிக்கவைத்தால், அப்பப்பா, அதுதான் சாயா! சொந்தக்காரர்களுக்குக் கொண்டுபோக இன்னும் இருபது பக்கெட் வேண்டும், நாளைக்கு ரயில் என்றாள்.

பாருங்கள், ஏமாற்றக்கூட ஒழுங்காகத் தெரியாத மனுசனுக்கு அடித்த அதிர்ஷ்டத்தை! நாற்பதாயிரம் ரூபாய். லீசிங்காரன் முகத்தில் விட்டெறியலாம்.

கையில்தான் ஒரு பக்கெட்டும் இல்லை. பழைய பாக்கியே நிற்பதால் லயத்தில் கடனுக்குத் தரமாட்டார்கள். காசை முன்னால் கொடுங்கள், போய் வாங்கிவருகிறேன் என்று இழுத்தார். எதற்கு அலைச்சல், நாங்களே வருகிறோம், கொழுந்து பறிக்கிறவர்களையும் பார்த்த மாதிரி இருக்கும் என்றாள் திவாரியம்மா. வீட்டுக்கு வராதே என்று ஒரு அக்காவிடம் எந்தப் பாஷையில் சொல்வது? அந்தப் பாடம் இன்னும் வரவில்லை.

காசோடு ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டு, சாயந்தரம் லயத்து வாசலில் பெண்கள் பக்கெட்டும் கையுமாகக் கூடிவிட்டார்கள். திவாரியம்மா பக்கத்து வீட்டு நாகலெட்சுமியின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரலெல்லாம் கொழுந்துக் கறை, வெடிப்பு. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இவங்களுக்கு ஒரு பக்கெட்டுக்கு என்ன கிடைக்கிறது பய்யா, யாரும் சுண்ணாம்பு தடவிவிடவில்லையே என்று கேட்டாள்.

சோலைமலை மனசுக்குள் கணக்குப் போட்டார். இருநூறு என்று வாயைத் திறந்தால், தடவினது யார் என்று அடுத்த கேள்வி வரும். அந்தப் பேரை மட்டும் வாங்கக்கூடாது.

“ஆயிரத்து எண்ணூறு அவங்களுக்குத்தான் ஜீ” என்றார் ஹிந்தியில். “எனக்கு இருநூறு, பெட்ரோலுக்கு.”

“என்னா தம்பி கேக்குறாங்க?” என்றாள் நாகலெட்சுமி.

“குளிரு எப்புடின்னு கேக்குறாங்கக்கா.”

திவாரியம்மா பெருமையோடு தம்பியின் முதுகில் தட்டிவிட்டு, கைப்பையைத் திறந்தாள். ஒவ்வொரு பெண்ணையும் கிட்டக் கூப்பிட்டு, பக்கெட்டை வாங்கி, ஆயிரத்து எண்ணூறை அவள் கையிலேயே வைத்தாள். எல்லாம் முடிந்தபிறகு தம்பி கையில் நாலாயிரம்.

நாகலெட்சுமி காசைப் பார்த்தாள், சோலைமலையைப் பார்த்தாள்.

“இது ஒரு பக்கெட்டுக்கா தம்பி?”

பக்கத்தில் இந்தூர் அக்கா சிரித்துக்கொண்டு நிற்கிறாளே, இல்லை என்று எப்படிச் சொல்வது? “ஆமாக்கா.”

“அப்ப, இத்தன வருசமா?”

சோலைமலை இந்தூர் அக்காவின் பக்கம் திரும்பி, இருட்டுகிறது ஜீ, கிளம்பலாம் என்றார் ஹிந்தியில்.

விருந்தாளிகளை இறக்கிவிட்டு அவர் திரும்பி வந்தபோது வீரம்மா அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். சோலைமலை வாசற்படியிலேயே குந்திவிட்டார்.

“வெள்ளிக்கெழம வண்டியத் தூக்கிருவான் புள்ள. நீ கேட்டா அவங்க குடுப்பாங்க. கொஞ்சம் கேட்டுப் பாரேன்.”

“கேட்டுட்டேங்க. எல்லாருமாச் சேர்ந்து கட்டுறாங்களாம். வண்டி போகாது.”

மனுசனுக்கு உயிர் வந்தது. “நெசமாவா?”

“நெசந்தான். இனிமே தூளு விக்கிறப்ப நாகலெட்சுமி அக்கா ஒங்க வண்டில வரும். காச அது வாங்கிக்கும். நீங்க ஹிந்தி மட்டும் பேசுங்க, பக்கெட்டுக்கு இருநூறு தர்றோம்.”