அண்ணாச்சி என்று கூப்பிட்ட குரல்

1. ஃப்யூஸ் என் சட்டைப் பையில்

புனே பக்கம் போசரியில், இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பத்தோரு வருஷம் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தேன். படிப்பு பத்தாவது, அதற்கு மேல் ஒரு ஐ.டி.ஐ. சர்டிஃபிகேட். சேர்ந்த முதல் நாளே ஒருவருடைய கையைப் போக்கடிக்கப் பார்த்தேன்.

ஜாதவ் என்ற ஃபிட்டர் பிரஸ்ஸுக்குள் கைவிட்டு டை என்ற அச்சை மாற்றிக்கொண்டிருந்தார். நான் பேனல் ரூமில் ஃப்யூஸைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நின்றேன். இன்டர்காம் அடித்தது. "சாப் போல் ரஹா ஹூம். லைன் சாலூ கரோ" மேலதிகாரி பேசுகிறேன், லைனைப் போடு என்று அதிகாரமாக ஒரு குரல். சாப் சொல்லிவிட்டாரே என்று ஃப்யூஸைப் போட்டேன். பிரஸ் ஒரு அடி அடித்து நின்றது. ஜாதவ் கையை வெளியே எடுத்து ஒரு நொடிதான் ஆகியிருந்தது. முருகன் காப்பாற்றினான். பேசியது சாப் இல்லை, வேலை தாமதமாகிறதே என்று அவசரப்பட்ட ஒரு ஆபரேட்டர்.

ஃபோர்மேன் ஷிண்டே என்னைத் திட்டவில்லை. ஃப்யூஸை மறுபடி பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டார். "போன்வர் நாஹீ. சமோர் யே. அசம் சாங்" என்றார். போனில் ஆகாது, நேரில் வா என்று சொல்லிவிடு என்பது அதற்குப் பொருள். அதன் பிறகு ஜெனரல் மேனேஜரே போன் செய்தாலும் அப்படித்தான் சொன்னேன். "மதராஸிக்கு ரொம்பத் திமிர்" என்று பேர் வந்தது. யாருக்கும் விரல் போகவில்லை.

2. செவ்வாய்க்கிழமை காலை

ரிட்டையர் ஆகி நான்காவது மாதம். பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் ஒரே அக்கவுண்டில் கிடந்தது. ஆகுர்டியில் ஒரு சின்ன ஃபிளாட்டுக்குப் பேசி முடித்திருந்தோம். அடுத்த வாரம் பணம் கட்ட வேண்டும். முப்பத்தோரு வருஷ வாடகை வீடு அதோடு முடியும்.

பூஜை முடித்துத் திருநீறு பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். போன் வந்தது.

"சுடலைமுத்து அண்ணாச்சிதானே? பி.எஃப். ஆபீஸ்லேர்ந்து பேசுதேன்."

புனேயில் என்னை அண்ணா என்பார்கள், காகா என்பார்கள், மதராஸி என்பார்கள். அண்ணாச்சி என்று கூப்பிட ஆள் கிடையாது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"தம்பிக்கு எந்தூரு?" என்று நானாகக் கேட்டேன்.

"பாளையங்கோட்டைல்லா. அண்ணாச்சி?"

"நான் அம்பாசமுத்திரம்."

"அப்ப நாம பக்கத்துப் பக்கம்லா அண்ணாச்சி" என்று சிரித்தான். ஆற்றைப் பற்றிப் பேசினான், ஆனித் தேரைப் பற்றிப் பேசினான். கால் மணி நேரம் ஊர்க்கதை. பிறகுதான் விஷயத்துக்கு வந்தான். உயிர்ச் சான்று பதியவில்லையாம், இந்த மாதப் பென்ஷன் நின்றுவிடுமாம். ஒரு லிங்க் அனுப்பினான். அவன் சொல்லச் சொல்ல அமுக்கினேன். ஒரு ஆப் இறங்கியது.

என் கம்பெனி பேரும் ரிட்டையர் ஆன மாதமும் அவனுக்குத் தெரிந்திருந்தது. அதையெல்லாம் விட அண்ணாச்சி என்ற ஒரு சொல்தான் என்னைக் கவிழ்த்தது.

"இப்போ ஓ.டி.பி. வரும். படிச்சுச் சொல்லுங்க. லைனக் கட் பண்ணிராதீங்க. வீட்டுல யார்ட்டயும் பேசிட்டு இருக்காதீங்க, சிஸ்டம் லாக் ஆயிரும்."

அடுப்படியிலிருந்து என் மனைவி பேச்சியம்மாள் கேட்டாள். "யாருங்க அது? சம்பந்தி மாதிரில்லா கொஞ்சுதீங்க?"

யாரிடமும் பேசாதே, சீக்கிரம் செய் என்று அவன் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேனல் ரூமில் எனக்கு வந்த பொய் போன்களெல்லாம் அந்த மாதிரிதான் இருக்கும். உண்மையான சாப் ஒருநாளும் அப்படிப் பேசமாட்டார்.

"தம்பி, போன்ல ஆகாது. ஆபீஸ் எங்க இருக்கு, சொல்லு. நேர்ல வாரேன்."

"அண்ணாச்சி, நம்ம ஊர்க்காரன நம்ப மாட்டீங்களா?"

"நம்புதேன். அதனாலதான் நேர்ல வாரேங்கேன்."

குரல் மாறியது. "இப்பச் சொல்லலன்னா பென்ஷன் கட் ஆயிரும். பொறவு அழக்கூடாது."

லைனைத் துண்டித்தேன். ஆபத்து என்றால் முதலில் மெயினை ஆஃப் செய்வது என் தொழில். போனையே ஆஃப் செய்தேன். ஆட்டோ பிடித்து பேங்குக்குப் போனேன்.

கவுன்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார். இரண்டு தடவை பணம் எடுக்க முயன்றிருக்கிறார்கள். ஓ.டி.பி. கிடைக்காததால் ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. "காகா, போன் பந்த் கியா, பஹுத் அச்சா கியா" என்றார், போனை அணைத்தது ரொம்ப நல்லது என்று. நெட் பேங்கிங்கை நிறுத்தினார். சைபர் போலீஸில் புகார் கொடுக்கும் வழியையும் சொன்னார். அங்கேயே நின்று முருகா என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வாட்ச்மேன் திரும்பிப் பார்த்தான்.

போனைக் கடையில் கொடுத்து முழுதாக அழித்துச் சுத்தம் செய்து வாங்கினேன். மறுநாள் அவனே கூப்பிட்டான்.

"என்ன அண்ணாச்சி, பாதியில வச்சிட்டீங்க?"

"வாடே, உனக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். வீட்டுக்கு வா. உன் மயினிய சொதிக் குழம்பு வைக்கச் சொல்லுதேன். சாப்ட்டுட்டு எதிர்ல உக்காந்து நம்பர் கேளு."

வைத்துவிட்டான். தன்னை அவனுக்கு மயினி ஆக்கியதைக் கேட்டுப் பேச்சியம்மாள் சிரித்ததில் கரண்டி கீழே விழுந்தது.

3. சாவி

வேலையில் இருக்கிற தம்பிகளுக்குச் சொல்கிறேன். கையிருப்பு முழுவதையும் ஒரே அக்கவுண்டில் வைக்காதீர்கள். போனோடு சேர்ந்த அக்கவுண்டில் மாதச் செலவுக்கு மட்டும் இருக்கட்டும், மற்றது எஃப்.டி.யில் இருக்கட்டும். நம் பாஷை காதில் விழுந்தால் மனசு இளகத்தான் செய்யும், அதில் தப்பில்லை. ஊர்க்கதை எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள். அவன் பணம் என்று வாயெடுத்தால் போனை வைத்துவிட்டு, பேங்குக்கு நடந்து போங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

அடுத்த வாரம் பில்டர் ஆபீஸில் செக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, ஃபிளாட் சாவியை வாங்கினேன். படியிறங்கும்போதே பேச்சியம்மாள் கையை நீட்டினாள்.

"இங்க குடுங்க. எவனாவது அண்ணாச்சின்னு கூப்பிட்டா நீங்க இதையும் போன்லயே குடுத்துருவீங்க."

கொடுத்துவிட்டேன். இன்று வரை அவள் முந்தானையில்தான் இருக்கிறது.