கழுதை நானாவின் ஜனாஸா அறிவித்தல்

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு மௌத். நாலு வீடு தள்ளி இருந்த முஹம்மது சாலிஹ், சுபஹுத் தொழுதுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்தவர்... அப்படியே போய்விட்டார்.

அந்த நேரம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? 'பத்திரிகைக்குக் கட்டுரை எழுதுவது எப்படி?' என்று கேட்டிருந்த சிலாபத்து வாசகிக்கு இந்தப் பத்தியில் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். தொடக்கம் கம்பீரமாக இருக்கவேண்டும், சொல் அழகாக இருக்கவேண்டும் என்று ஒரே உபதேசம். அளந்துவிட்டுக்கொண்டிருந்தபோதுதான் சாலிஹின் மகன் நவாஸ் வாசலில் வந்து நின்றான்.

நவாஸ் அரச அலுவலகம் ஒன்றில் நல்ல பதவியில் இருப்பவன். கண் சிவந்திருந்தது.

"மாமா, பள்ளியில வாசிக்க ஜனாஸா அறிவித்தல் ஒண்டு எழுதித் தாங்க. கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும்" என்றான்.

எனக்குச் சொல்லவா வேண்டும்? 'பிரபல சமூக சேவையாளரும், மர்ஹூம் அப்துல் கபூரின் அன்புப் புதல்வருமான ஜனாப் முஹம்மது சாலிஹ் அவர்கள்...' என்று வளைத்து வளைத்து எழுதிக் கொடுத்தேன். மோதினார் அதைப் பள்ளி ஒலிபெருக்கியில் வாசித்தார். நவாஸ் வாட்ஸ்அப்பிலும் போட்டான். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நல்லடக்கம் என்று முடிவாகியிருந்தது.

நடுப்பகல் லுஹர் தொழுகை நேரமும் வந்தது. ஆள் வரவில்லை.

பந்தலில் போட்ட பிளாஸ்டிக் கதிரைகளில் முக்கால்வாசி காலி. இருந்தவர்கள் நாங்கள் தெருக்காரர்கள்தான். வாட்ஸ்அப்பில் வழக்கமான துஆக்கள் வந்து விழுந்தன. புத்தளத்தில் நின்று 'முஹம்மது சாலிஹ்' என்று கூப்பிட்டால் ஒரு பஸ் நிறைய ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இது எந்த சாலிஹ் என்று யார் கண்டது?

"தொழுகையில ஒரு சஃப்பாவது, ஒரு வரிசையாவது நிறையுமா மாமா?" என்று நவாஸ் மெல்லக் கேட்டான். யுத்த காலத்தில், தொண்ணூறில், மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம் அது. சொந்தபந்தம் திசைக்கொன்றாய்ப் போய்விட்டது. வாப்பாவை ஆளில்லாமல் அடக்க வேண்டி வருமோ என்ற பயம் அவன் முகத்தில் தெரிந்தது.

அப்போது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து அவனுடைய உம்மாவின் குரல் என்னைக் கேட்டது.

"தம்பி, கழுதை நானா எண்டு போட்டீங்களா?"

நவாஸ் துடித்துப்போனான். "என்ன உம்மா இது, பள்ளி ஸ்பீக்கர்ல போய் அந்தப் பேரையா சொல்லச் சொல்றீங்க?"

அவனைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தில் 'கழுதைக்குட்டி' என்று கூப்பிட்டே அவனை அழவைத்திருக்கிறார்கள். ஆனால் கழுதையோடு 'நானா' என்ற அண்ணன் முறையும் சேர்ந்து அந்தப் பெயர் வந்த கதை என்ன? புத்தளத்து அகதி முகாமில் குடிக்கத் தண்ணீர் இல்லாத நாட்களில், தெருவில் திரிந்த கழுதை ஒன்றைப் பிடித்துப் பழக்கி, எங்கோ இருந்த நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து கேன் கேனாகச் சுமந்து வந்து கொட்டில் கொட்டிலாக ஊற்றியவர் அவர். யாரும் சொல்லிச் செய்த வேலை இல்லை.

"முகாமிலதான் எனக்கு மாப்பிள்ளை பேசினாங்க" என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல். "ஆரெண்டு கேட்டேன். கழுதை நானா எண்டாங்க. ஓம் எண்டு சொன்னேன். எனக்கு வராத வெக்கம் உனக்கு என்னத்துக்கு மகன்?"

நவாஸ் சட்டைப் பையிலிருந்த பேனையை எடுத்து என் கையில் தந்தான். பிறகு, "எழுதுங்க மாமா" என்றான்.

எழுதினேன். 'முகாமில் கழுதையில் தண்ணீர் கொண்டுவந்து தந்த கழுதை நானா மௌத்தாகிவிட்டார். அஸருக்குப் பிறகு நல்லடக்கம்.' அவ்வளவுதான்.

மோதினார் கடதாசியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"இவரா? காலையில நான்தானே வாசிச்சேன்... எனக்கே விளங்கல்லயே" என்றார். அவரும் அந்த முகாமில் வளர்ந்தவர்தான். ஒலிபெருக்கியில் வாசித்து முடிப்பதற்குள் அவர் குரல் உடைந்துவிட்டது. நவாஸ் அதையே வாட்ஸ்அப்பிலும் போட்டான்.

பிறகு நான் கண்டதை எப்படிச் சொல்வது?

முதலில் ஓரிரண்டு ஆட்டோ. பிறகு மதுரங்குளியிலிருந்து வான்கள். எலுவன்குளத்திலிருந்து ஒருவர் வயல் சேறு காயாத காலோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்க மீனவர் ஒருவர் பள்ளி வாசலுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, கைகட்டி நின்றார். அந்த நல்ல தண்ணீர்க் கிணறு அவருடைய தகப்பனின் காணியில் இருந்ததாம். நவாஸைவிட நாலைந்து வயது மூத்த ஒருவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தத் தண்ணியில கரைச்ச பால்மாவக் குடிச்சுத்தான் நான் வளந்தேனாம். உம்மா எப்பவும் சொல்லும்" என்றார்.

பள்ளி நிறைந்தது. முற்றம் நிறைந்தது. கடைசி சஃப்கள் பாதையில் நின்றன. வாகனங்கள் தாமாகவே ஓரங்கட்டிக் காத்திருந்தன.

இத்தனை வருடம் இந்தப் பத்தியை எழுதுகிறேன்... நான் எழுதிய எதை வாசித்தாவது ஓர் ஆள் வயலிலிருந்து கரையேறி வந்திருப்பாரா? அந்த அறிவித்தலில் அலங்காரம் ஒன்றும் இல்லை. ஓர் ஆள், அவர் செய்த ஒரு வேலை, அவரை ஜனங்கள் கூப்பிட்ட பெயர். சொல்லுக்கு இப்படி ஒரு பலம் இருக்கிறதா என்று வாய் பிளந்து நின்றேன்.

சிலாபத்துச் சகோதரி, கட்டுரை எழுதுவதும் அநேகமாக இதுதான். நீங்கள் மரியாதை என்று நினைத்துப் பூசுவதுதான் சில வேளை ஆளையே மறைத்துவிடும்.

மையவாடியில் அடக்கிவிட்டுத் திரும்பும்போது நவாஸ் என் பக்கத்தில் நடந்து வந்தான். கையெல்லாம் மண். தெரு முனையில் நின்று சொன்னான்:

"வாப்பாவப் பத்தி பேப்பர்லயும் எழுதுங்க மாமா. பேரைத் திருத்திப் போடாதீங்க."

திருத்தவில்லை, நவாஸ். தலைப்பிலேயே போட்டிருக்கிறேன்.