பிழையில்லாமல் எழுதிய செய்தி

“துறைமுகத்துக்கு அருகே, எமது ஒழுங்கையின் கடைசிக் கடையில், இன்று மூட்டைகள் இறக்கப்பட்டன; ‘குண்டு வந்திட்டு, வெள்ளிக்கு முதல் கட்டி முடிக்கோணும்’ எனக் கடைக்காரர் தொலைபேசியில் கூறினார்.”

வட்ஸ்அப் செய்தி. ஆண்டு 2019. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னர், சமூக ஊடகத் தடை நீங்கிய வாரம். செய்தியின் மேலே, ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற குறிப்பு.

இதை எழுதியவன் நான். வேறு யாருமல்ல.

அன்றைய திகதியை வேண்டுமென்றே இங்கே விடுகிறேன். என்னை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகத்தில் எழுதுவினைஞனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கப்பல் எப்போது துறைமுகத்துக்குள் நுழைந்தது, கச்சான் காற்று எந்த நாளில் திரும்பியது என்று குறித்து வைப்பதே என் பொழுதுபோக்கு. ஆனால் நாளும் மணியும் சொல்லிப் பேசுபவனை மனிதர்கள் உடனே நம்பிவிடுகிறார்கள்... நீங்கள் அப்படி என்னை நம்பிவிடக் கூடாது!

அந்தக் கடைசிக் கடை பரீத் நானாவுடையது. குறிஞ்சாக்கேணியிலிருந்து வந்து எங்கள் ஒழுங்கையில் குடியேறியவர். மீன்பிடி வலை விற்றார். கடைக்குப் பின்னால் வீடு. மனைவி ஆயிஷா டீச்சர் பாடசாலையில் தமிழ் படிப்பித்தார். அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மதில். அந்த மதிலுக்கு மேலாக அவரும் நானும் புத்தகங்கள் மாற்றிக்கொள்வோம்.

எதிரே சிங்களவரான சிறிபாலவின் பேக்கரி. மாலையில் அதன் வாசலில் கிடந்த நீள வாங்கில் உட்கார்ந்து நாங்கள் மூவரும் தேநீர் குடிப்போம். சிறி என்னைச் சிங்கள வழக்கப்படி மரியாதையாக ‘மாத்தயா’ என்பார், தமிழில் தட்டுத்தடுமாறிப் பேசுவார். எழுதத் தெரியாது. நானாவும் அவரும் ஒருவரையொருவர் கேலி செய்யாத நாளில்லை.

நான் துறைமுகத்தைப் பற்றி எழுதிய ஒரு கட்டுரையை டீச்சரிடம் வாசிக்கக் கொடுத்திருந்தேன். ஒருநாள் அவர் அதைத் திருப்பித் தர பேக்கரி வாசலுக்கே வந்துவிட்டார்.

“ஐயா, கட்டுரை நல்லா இரிக்கு. ஆனா ஒங்கட அரைப்புள்ளிய எல்லாம் பொறுக்கி எடுத்தா ஒரு சுண்டு நிறையும்.”

நானா தேநீரை வைத்துவிட்டுச் சிரித்தார். “நிறையுமெண்டா எனக்குத் தாங்க ஐயா, வலைக்குக் கட்டலாம். ஈயம் விலை கூடிப்போச்சு.”

“மாத்தயா குடுக்க மாட்டாங்,” என்றார் சிறி. “மாத்தயா ஒரு பணிஸ் கூட ஓசி குடுக்கிறது இல்ல நே!”

“பேக்கரி வைச்சிருக்கிறது நீயா, ஐயாவா?” என்று நானா கேட்க, வாங்கே குலுங்கியது.

இந்தச் சிரிப்பை நினைவில் வைத்திருங்கள்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. தேவாலயங்களில் சிதறிய உடல்களைத் தொலைக்காட்சியில் பார்த்தோம். அன்று மாலை நானா வாங்குக்கு வந்தார். தேநீரைத் தொடவில்லை. “இது மனிசன் செய்யிற வேலையா ஐயா?” என்று மட்டும் கேட்டார். அவருடைய குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? நடிப்பு என்று!

ஏன்? எனக்கே தெரியவில்லை... இல்லை, தெரியும். யுத்த காலத்தில் தமிழர்களான எங்கள் ஆட்கள் முஸ்லிம்களைப் பற்றிச் சொன்ன கதைகள் எனக்குள் இருந்தன. அவர்கள் எங்களைப் பற்றிச் சொன்ன கதைகளும் அவர்களுக்குள் இருந்திருக்கும். படித்தவன், எல்லாம் கடந்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். ஒன்றையும் கடக்கவில்லை. மடித்து அலுமாரிக்குள் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மதிலுக்கு இந்தப்பக்கம் என் காது நீண்டது. கடைக்குப் புதிதாக வந்த தாடிக்காரர் யார்? ஏன் கதவை முன்னேரமே சாத்துகிறார்கள்? டீச்சர் ஏன் இப்போது தாழ்ந்த குரலில் பேசுகிறார்? அவர்கள் பயந்துபோய் இருந்தார்கள் என்பதைத் தவிர மற்ற எல்லாக் காரணங்களும் எனக்குத் தோன்றின.

அந்த நிலையில்தான் மூட்டைகள் வந்தன. அந்தத் தொலைபேசிப் பேச்சும் காதில் விழுந்தது.

குண்டு என்று நானா சொன்னது ஈயக்குண்டை. வலையின் அடிவிளிம்பில் வரிசையாகக் கட்டுவது. அது இல்லாவிட்டால் வலை நீரில் தாழாது. ‘தவறாக விளங்கிக்கொண்டேன்’ என்று சொல்லித் தப்பிக்க எவ்வளவு வசதியான சொல்!

ஆனால் நான் தவறாக விளங்கிக்கொள்ளவில்லை.

என் மாமா சல்லிக் கடற்கரையில் வள்ளம் வைத்திருந்தவர். பள்ளி விடுமுறைகளில் அவருடைய வலைக்குக் குண்டு கட்டி என் விரல்கள் கறுத்திருக்கின்றன. அந்த வெள்ளிக்கிழமையும் எனக்குத் தெரியும். அது ஜும்மா தொழுகைக்கான வெள்ளி அல்ல. சல்லியில் வள்ளமும் வலையும் வைத்துத் தொழில் நடத்தும் சம்மாட்டி ஒருவர் நானாவிடம் வலை சொல்லியிருந்தார். வெள்ளியன்று முத்துமாரி அம்மன் முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அவர் புது வலையைக் கடலில் நனைப்பார். எங்கள் அம்மனுக்காகத்தான் அந்த மனிதர் அவசரப்பட்டார்!

எல்லாம் தெரிந்தும், ‘ஒருவேளை... ஒருவேளை வேறு ஏதாவது இருந்தால்?’ என்றது மனம். அந்த ‘ஒருவேளை’யைக் கையில் பிடித்துக்கொண்டு எழுதினேன்.

செய்தியை மறுபடி வாசித்துப் பாருங்கள். அதில் ஒரு பொய் இருக்கிறதா? இல்லை! அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை. ஆனால் ‘வலைக் கடை’ என்று எழுதவில்லை, ‘கடைசிக் கடை’ என்று எழுதினேன். எப்போதும் மணியைக் குறிப்பவன் அன்று மணியைக் குறிக்கவில்லை. மூட்டைகள் இறங்கியது பட்டப்பகலில், சிறியும் கை கொடுத்துத் தூக்கியபோது. மணியை விட்டதும் வாசித்தவர்கள் எல்லோரும் தாங்களாகவே இரவை நிரப்பிக்கொண்டார்கள். நடுவில் ஓர் அரைப்புள்ளி... மூட்டையையும் குண்டையும் இணைத்துக் கட்டியது அதுதான்.

கச்சேரியில் என்னோடு வேலை செய்த நண்பர் ஒருவருக்கு மட்டும் அனுப்பினேன். “என் பெயரைப் போடாதேயும்,” என்றேன். அவர் போடவில்லை. மறுநாள் அதே செய்தி, எனக்குத் தெரியாத ஓர் எண்ணிலிருந்து எனக்கே வந்து சேர்ந்தது.

அதற்கு அடுத்த காலை படையினர் வந்தார்கள். மூட்டைகளை ஒழுங்கையில் கொட்டினார்கள். ஈயக்குண்டுகள் உருண்டு வடிகானுக்குள் விழுந்தன. ஓர் இளம் சிப்பாய் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அவனுக்கே விளங்கிவிட்டது. ஆனாலும் நானாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். விசாரணை முடியவில்லையாம். அவர் திரும்பி வந்தபோது நோன்பு முடிந்து பெருநாளும் போயிருந்தது.

நான் அப்போது என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? யன்னல் சீலைக்குப் பின்னால் நின்றேன்.

யுத்தகாலச் சுற்றிவளைப்பொன்றில் என்னையும் ஒருமுறை வரிசையில் நிறுத்தினார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தான். சாக்கில் இரண்டு கண்துளைகள். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆள் போவான். தலையாட்டி என்போம். என் முன்னால் அவன் தலை அசையவில்லை. பிழைத்தேன். அந்தக் கண்களை வாழ்நாள் முழுக்க வெறுத்தேன். யன்னல் சீலைக்குப் பின்னால் நின்ற அன்று, அந்தத் துளைகளின் வழியே உலகம் எப்படித் தெரியும் என்று அறிந்துகொண்டேன்.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு குற்றம். இரண்டாவது இதைவிட மோசமானது.

திரும்பி வந்த நானா மெலிந்திருந்தார். சல்லியிலிருந்தும் திரியாயிலிருந்தும் வந்துகொண்டிருந்த வாடிக்கைக்காரர் நின்றுவிட்டார்கள். ஒருநாள் என் வீட்டுக்கு வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

“ஐயா, நீங்க விசாரிச்சு எழுதிற ஆள். இத ஆரு எழுதினதெண்டு ஒருக்காக் கண்டுபிடிச்சுத் தாங்க. எனக்கு வேற ஒண்டும் வேணாம். அந்த ஆளிட்ட ஒரு கேள்வி மட்டும் கேக்கணும்.”

“என்ன கேள்வி நானா?”

“என்னிட்ட வந்து கேட்டிருக்கலாமே எண்டு.”

நான் ஒப்புக்கொண்டேன்! பேனையும் கையுமாக ஒழுங்கை முழுக்கப் போனேன். உங்களுக்கு இது எப்போது வந்தது, யார் அனுப்பியது என்று வீடு வீடாகக் கேட்டேன். கேட்டவர்கள் எல்லோரையும் சந்தேகத்தோடு பார்த்தேன், எங்கே இவருக்கு என்னைத் தெரிந்துவிட்டதோ என்று. முடிவில் நானாவிடம் சொன்னேன், “மூலத்தைக் கண்டறிய முடியவில்லை.”

அவர் எதிரேயிருந்த பேக்கரியைப் பார்த்தார். “அவன்தான் ஐயா. மூட்ட தூக்கினவன் அவன். அவன்ட கடையிலதான் ஆமிக்காரர் தேத்தண்ணி குடிக்கிறவங்க. தமிழ் தெரியாட்டி என்ன, ஆரையும் வைச்சு எழுதியிருப்பான். அவனுகளுக்கு நம்ம ரெண்டு பேரையும் எப்பவும் ஆகாது.”

இல்லை என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. அந்தக் கணத்தில் நான் சொன்னது ஒரே ஒரு சொல்.

“இருக்கலாம்.”

அன்றோடு அந்த வாங்கு காலியானது. நானா பேக்கரிப் பக்கம் திரும்பவில்லை. ஒழுங்கையின் மற்றக் குடும்பங்களும் பாண் வாங்க வேறு கடைக்குப் போகத் தொடங்கின. முஸ்லிம்களின் கடைகளுக்குப் போகாதே என்று வெளியே சிலர் பிரசாரம் செய்த அதே நாட்களில், எங்கள் ஒழுங்கை ஒரு சிங்களவரின் கடைக்குப் போகாமல் விட்டது. இரண்டு கடைகளையும் வெறிச்சோட வைத்த நான் வீட்டுக்குள் இருந்து கப்பல்களைக் குறித்துக்கொண்டிருந்தேன்.

சிறி ஒருநாள் என்னைப் பிடித்துக்கொண்டார். “மாத்தயா, நானா ஏன் என்னோட கதைக்கிறது இல்ல? நான் அவருக்கு என்ன செஞ்சது?”

“மனம் சரியில்லை சிறி. கொஞ்ச நாளில் சரியாகும்,” என்றேன்.

சரியாகவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் நானா கடையைப் பூட்டிக்கொண்டு குறிஞ்சாக்கேணிக்கே திரும்பினார். போவதற்கு முன்னர் ஆயிஷா டீச்சர் என் புத்தகங்களைக் கொண்டுவந்தார். மதிலுக்கு மேலாக அல்ல, வாசலால். புத்தகங்களை மேசையில் வைத்துவிட்டுத் தொலைபேசியை நீட்டினார்.

“ஐயா, இத ஒருக்கா வாசிங்க.”

“வாசிச்சனான் டீச்சர்.”

“ஏதும் பிழை இரிக்கா?”

“இல்லை...”

“ஓம். ஒரு பிழையும் இல்ல. றகரம் ரகரம் எல்லாம் சரி. வட்ஸ்அப்பில ஆரு ஐயா இப்பிடிப் பிழையில்லாம எழுதிற?”

அவர் என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “சரி, வாறன் ஐயா,” என்று போய்விட்டார். அவருக்குத் தெரியுமா? தெரிந்தால் ஏன் கணவரிடம் சொல்லவில்லை? தெரியாவிட்டால் ஏன் என்னிடம் கேட்டார்? இந்தக் கேள்விகளோடு நான் எத்தனை பகல்களைத் தின்றிருக்கிறேன்!

என் நண்பர் கொரோனாக் காலத்தில் இறந்துபோனார். உண்மையை அறிந்த ஒரே சாட்சி. செய்தி கேட்டு அழுதேன். அழுகைக்கு நடுவே ஒரு நிம்மதி வந்தது... அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது?

மன்னிப்புக் கேட்க முயன்றாயா என்பீர்கள். குறிஞ்சாக்கேணிக்குப் போகக் கிண்ணியா பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கித் திரும்பியிருக்கிறேன். சிறியிடம் சொல்லப் போய், பணிஸ் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன். சொல்லாத ஒவ்வொரு தடவையும் பணிஸ் வாங்குகிறேன். சிறி என்னைத் தன் நல்ல வாடிக்கைக்காரன் என்று நினைக்கிறார்.

அரைப்புள்ளி போடுவதை டீச்சர் கேட்டுவிட்டுப் போன அன்றே விட்டுவிட்டேன். தேடிப் பாருங்கள், இந்த வாக்குமூலத்தில் நானாக இட்டது ஒன்றும் இல்லை. இது பிராயச்சித்தம் அல்ல. அடையாளத்தை அழிக்கும் தந்திரம், அவ்வளவுதான்.

இந்த ஆண்டு நோன்புப் பெருநாளன்று ஓர் ஓட்டோக்காரர் என் வாசலில் இரண்டு பாத்திரங்களை இறக்கினார். பெருநாள் இனிப்பான வட்டிலப்பம். இத்தனை ஆண்டுகளில் முதல் தடவை. அதே நேரம் தொலைபேசி ஒலித்தது. டீச்சரின் செய்தி.

“பெருநாள் வாழ்த்துக்கள் ஐயா. வட்டிலப்பம் அனுப்பியிருக்கிறேன்; சிறிக்கும் ஒரு பங்கு கொடுங்கள்.”

அந்த அரைப்புள்ளியை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சிறியின் பங்கைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாத்திரத்தை இரண்டு கையாலும் வாங்கினார். கண் கலங்கியிருந்தது. “நானாட கோபம் போனதா மாத்தயா? அந்த மெசேஜ் எழுதினது யாரு எண்டு தெரிஞ்சதா?”

“தெரியாது சிறி,” என்றேன்.

ஆம்... மறுபடியும்!

டீச்சர் சிறிமீதான சந்தேகத்தை விட்டுவிட்டார் என்பது இதனால் உறுதி. எழுதியவனை அறிந்ததால் விட்டாரா, பெருநாளின் பெயரால் விட்டாரா? அந்த அரைப்புள்ளி எனக்கென்று இடப்பட்டதா, ஒரு தமிழாசிரியையின் கைப்பழக்கமா? அவர் முன்பு அனுப்பிய செய்திகளோடு ஒப்பிட முயன்றேன். பழைய தொலைபேசி பழுதாகி, அவை யாவும் அழிந்துவிட்டன. அவரிடம் கேட்பதானால் முதலில் நான் சொல்லவேண்டும்.

நானாவுக்கு இன்றுவரை உண்மை தெரியுமா என்பதையும் நான் அறியேன். இது உறுதிப்படுத்தப்படவில்லை.