அஞ்சு பேர், ஒரே நம்பர்: சபீனா பிடித்த கோளாறு

இன்று காலை ஆபரேஷன் தியேட்டரிலிருந்து எனக்கு ஒரு போன்!

(நான் டாக்டர் இல்லை. புதுக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐடி ஆள். தியேட்டரிலிருந்து என்னைக் கூப்பிட்டால் அது நல்ல செய்தியாக இருக்காது.)

"மும்தாஜோட ரத்த ரிசல்ட் எங்கங்க? ஸ்க்ரீன்ல வரவே இல்ல. பன்னெண்டு மணிக்குள்ள சிசேரியன் பண்ணியாகணும்" என்றார் டாக்டரம்மா.

மும்தாஜ், கடலோரக் கோட்டைப்பட்டினத்திலிருந்து வந்த நிறைமாதப் பெண். வயிற்றில் தண்ணீர் குறைந்துவிட்டது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் எத்தனை என்று தெரியாமல் முதுகில் மயக்க ஊசி போட முடியாது.

"லேப்ல போன்ல கேட்டுச் சொல்லவா மேடம்?"

"வேண்டாம்ப்பா. வாய்வழியா கேட்டு ஒரு தடவை ஆளே மாறிப்போச்சு. ஸ்க்ரீன்ல பேரோட வரட்டும்."

நியாயம்தானே!

எங்கள் லேப் மெஷின் ஒரு பாஷை பேசும். டாக்டர் பார்க்கும் ஸ்க்ரீனுக்கு வேறு பாஷை. இரண்டுக்கும் நடுவில் நின்று ரிசல்ட்டை மாற்றிக் கொடுக்கிற சாஃப்ட்வேர்தான் மிடில்வேர். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு.

அது செய்கிற ஒவ்வொரு வேலையும் பதிவாகிற லாகைத் திறந்தேன். எல்லாமே பச்சை! ஒரு எரர்கூட இல்லை.

மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தேன். (ஐடிக்காரனுக்குத் தெரிந்த ஒரே கை வைத்தியம்.)

மறுபடி ரத்தம் எடுத்து ஓட்டினார்கள். அந்த ரிசல்ட்டும் வரவில்லை. மணி பதினொன்று ஆகிவிட்டது.

அப்போதுதான் சபீனா எழுந்தாள். எங்கள் ஐடி டீமில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. அவளுக்கும் கோட்டைப்பட்டினம்தான்.

லாகை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நேராக வெயிட்டிங் ஹாலுக்குப் போனாள்! 'இந்த நேரத்தில் ஊர்க்காரங்களோடு பேச்சா?' என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தாள்.

"அண்ணே, மும்தாஜ் லாத்தாவோட வேன் புடிச்சு நாலு பேரு வந்திருக்காங்க. வந்ததோட வந்ததா எல்லாருமே ரத்த டெஸ்டுக்குக் குடுத்திருக்காங்க. வரிசையில மொதல்ல நின்ன மாமியார் ரிசல்ட் மட்டும்தான் வந்திருக்கு."

"சரி, அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"அஞ்சு பேரும் குடுத்தது ஒரே போன் நம்பர்!"

(லாத்தா என்றால் அவர்கள் ஊரில் அக்கா.) எனக்குப் புரியவில்லை. கடலே இல்லாத திருமயத்துக்காரனான எனக்கு அவள்தான் விளக்கினாள். அவர்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் கடலில், மீதிப் பேர் வளைகுடாவில். பெண்கள் ஆஃபருக்கு ஏற்றபடி சிம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். அதனால் எங்கே நம்பர் கேட்டாலும் தெருமுனை ரீசார்ஜ் கடை நம்பரைத்தான் கொடுப்பார்களாம். மெசேஜ் வந்தால் கடைக்கார பாய் வீடு தேடி வந்து சொல்லிவிடுவாராம்.

"இருங்க, ஒண்ணு கேட்டுக்கிறேன்" என்று அந்த நம்பருக்கே போட்டாள், ஸ்பீக்கரில்.

"மாமா, காலையிலேருந்து ஆஸ்பத்திரி ரிப்போர்ட் மெசேஜ் எத்தனை வந்துச்சு?"

"ஒண்ணுதாம்மா! அஞ்சு பேரு போனாகளே, மிச்சம் நாலு எங்கன்னு நானும் போனையே பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன்."

எங்கள் சர்வர் பச்சை விளக்கு காட்டிக்கொண்டிருந்த நேரத்தில், கோளாறைக் கண்டுபிடித்து வைத்திருந்தவர் ரீசார்ஜ் கடை பாய்!

சபீனா என்னைப் பார்த்தாள். "அண்ணே, நடுவுல எங்கயாச்சும் போன் நம்பர வச்சு எதையும் கழிச்சு விடுறோமா?"

மிடில்வேரின் ரூல் பட்டியலைத் திறந்தேன்.

ஆமாம். கழித்து விடுகிறோம். அந்த ரூலை எழுதியதே நான்தான்!

போன மாதம் மெஷின் ஒரே ரிசல்ட்டை இரண்டு முறை அனுப்பித் தொல்லை கொடுத்தது. டியூப் நம்பரை வைத்துத் தடுத்திருக்க வேண்டும். ஆனால் அப்போது ஸ்டிக்கர் பிரின்டர் ரிப்பேர், டியூபில் கையால் கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். சரி, போன் நம்பர் ஆளுக்கு ஒன்றுதானே என்று, 'ஒரே நம்பர், ஒரே டெஸ்ட், ஒரே நாள் என்றால் இரண்டாவதைத் தூக்கிப் போடு' என்று எழுதிவிட்டேன். ரூல்படி தூக்கிப் போட்டது எரர் ஆகாது; அதனால்தான் லாக் முழுக்கப் பச்சை. வேலியில் போன ஓணானைப் பிடித்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை!

"ரூலையே தூக்கிரு சபீனா, சீக்கிரம்!" என்று கத்தினேன்.

"தூக்குனா பழையபடி ரெட்டை ரெட்டையா வரும்ணே. டாக்டரம்மா எதை நம்புவாங்க? அஞ்சு நிமிசம் குடுங்க."

மணி பதினொன்று இருபது. அந்த நேரத்திலும் அவள் லைவில், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிஜ சர்வரில், கை வைக்கவில்லை. ஒத்திகைக்கென்று இருக்கும் டெஸ்ட் சர்வரில் ரூலை டியூப் நம்பருக்கு மாற்றினாள். (ஸ்டிக்கர் பிரின்டர்தான் இப்போது சரியாகிவிட்டதே.) காலையில் வந்த ஐந்து பேர் ரிசல்ட்டையும் அதில் ஓட்டினாள். ஐந்து பேருடையதும் வந்தது. ஒரே ரிசல்ட்டை வேண்டுமென்றே இரண்டு முறை அனுப்பினாள். ஒன்றுதான் வந்தது. அதற்குப் பிறகுதான் லைவில் போட்டு, பழைய ரூல் தூக்கிப் போட்டவற்றை மறுபடி அனுப்பினாள்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு ஸ்க்ரீனில் மும்தாஜ் பெயர்!

"வந்துருச்சு, தட்டணு நல்லா இருக்கு. தியேட்டருக்குள்ள எடுக்கிறோம்" என்று டாக்டரம்மா சொன்னதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்ல வெட்கமில்லை. என் பத்து வருட அனுபவம் லாகைப் பார்த்தது. அவள் ஆட்களைப் பார்த்தாள். சபாஷ் சபீனா!

ஒரு மணி வாக்கில் அவள் போன் அடித்தது. பாய்தான். மறுபடியும் ஸ்பீக்கர்.

"ஏம்மா, மும்தாஜுக்குப் பொம்பளப் புள்ள, ரெண்டு பேரும் சொகம்னு ஆஸ்பத்திரி மெசேஜ் வந்திருக்கு. மும்தாஜ் மாப்பிள்ளைக்குத் துபாய்க்கு போன் போட்டுச் சொல்லிரவா? இல்ல... ஒங்க கம்ப்யூட்டரை இன்னொரு தடவ பாத்துட்டுச் சொல்றியா?"

சபீனா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"சொல்லிருங்க மாமா. இப்ப நம்பலாம்."