மேற்குப் பார்த்த கண்ணாடி ஹால்

ஈர மரவாசமும் மிளகாய் வதக்கும் நெடியும்... அந்த வீட்டு முற்றத்தில் கால் வைத்ததுமே எனக்குத் தும்மல்தான் வந்தது.

அப்போது சீனாவில் யுன்னான் பக்கம் எம்பிபிஎஸ் படித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்த மெய், லீவுக்குத் தன் ஊருக்குக் கூட்டிப்போயிருந்தாள். மலையடிவாரத்தில் பழைய மரவீடு. மேற்கே அவ்வளவு அழகான மலை. அந்தப் பக்கம் ஒரு ஜன்னல்கூட இல்லை, வெறும் மண்சுவர். கேட்டால், மலைக்காற்று கூரை ஓட்டையே பெயர்த்துவிடும், அதனால் இங்கே வீடுகள் அதற்கு முதுகைக் காட்டித்தான் இருக்கும் என்றாள்.

தூண்களைப் பார்த்தால் அடுத்த எரிச்சல். தரையில் புதைக்கவே இல்லை, கல்லின் மேல் சும்மா நிற்கின்றன. இதை நம்பி எப்படித் தூங்குவது என்று புலம்பித் தீர்த்தேன்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டில் பூமி ஆடியது. தூண்கள் முனகின... மெய்யின் அம்மா என்னை முற்றத்துக்கு இழுத்து வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்.

"வீடு ஆடத்தான் செய்யும். ஆடட்டும்."

பக்கவாட்டுச் சுவர் ஒன்று வெளிப்பக்கமாகச் சரிந்தது. தூணும் கூரையும் அப்படியே நின்றன. சாயந்தரமே மெய்யின் அப்பா புதுச் சுவருக்கு மண் குழைத்தார். நானும் இறங்கிக் கொஞ்சம் மிதித்தேன்.

இப்போது விளாங்குடியில் எங்கள் சொந்த வீடு. ஹால் மேற்குப் பார்த்தது. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. பிளான் போடும்போதே தலையால் அடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கேட்கவில்லை.

"சீனாக்காரன் கதைய விடு. ரோட்டுல போறவன் நின்னு பாக்கணும்ல?"

பார்க்கிறார்கள். உள்ளே நாங்கள் வேகிறோம். போன சித்திரையில் கரண்ட் போன ஒரு மத்தியானம், மாமனார் அந்த ஹாலிலேயே மயங்கி விழுந்தார். நானே டிரிப்ஸ் ஏற்றி, ஈரத்துணி போட்டேன்; அவர் கண் திறக்கும்வரை உயிர் என்னிடம் இல்லை.

அதற்குப் பிறகாவது வீட்டுக்காரர் அங்கே சுவர் வைப்பார் என்று நினைத்தேன். தடிமனாக ஸ்கிரீன் துணி வாங்கி மாட்டினார். இப்போது ரோட்டில் போகிறவனுக்கும் ஒன்றும் தெரிவதில்லை.

மெய்யின் வீடு எங்களுக்காக ஆடிக்கொடுத்தது... இங்கே வீடு கம்பீரமாக நிற்கிறது, நாங்கள்தான் ரூம் ரூமாக ஓடுகிறோம். மத்தியானமானால் கிழக்கே இருக்கிற ஸ்டோர் ரூமில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் மொத்தக் குடும்பமும் பாய் விரித்துப் படுக்கிறோம்.

நேற்று படுத்துக்கொண்டே சுவரை அண்ணாந்து பார்த்தார் வீட்டுக்காரர்.

"இங்கன ஒரு டிவி மாட்டிருவமா?"

நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.